விசில் இல்லாத ஆட்டுக்கால் சூப்

கே: குக்கரில் எட்டுப் பத்து விசில் விட்டால் ஆட்டுக்கால் வெந்துவிடுகிறது. அதற்குப் போய் ஸ்லோ குக்கரில் பத்து மணி நேரமா? (ஈரோடு)

ப: வெந்தால் போதும் என்றால் குக்கரே போதும். அது பிறந்ததே எலும்புக்காகத்தான். டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிமுகப்படுத்திய முதல் பிரஷர் குக்கரின் வேலை, எலும்பை மெத்தென்று ஆக்குவது. ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் உள்ளே சூப் தளதளவென்று கொதித்து, கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். ஸ்லோ குக்கர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90-95 டிகிரியில், சத்தமில்லாமல் நிற்கும். கொழுப்பு மேலே ஒதுங்கும், சூப் தெளிவாக இருக்கும். காலில் இருக்கும் தோல் உருக்குலையாமல் வெந்து, வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பதத்துக்குப் பத்து மணி நேரம் கொடுக்கலாம்.

கே: கால், நல்லி, நெஞ்செலும்பு... எதை வாங்குவது?

ப: கால். சூப்புக்குக் கனம் தருவதில் எலும்பைவிட அதைச் சுற்றியிருக்கும் தோல், தசைநார், மூட்டுக் குருத்தெலும்பு ஆகியவற்றுக்கே பெரிய பங்கு. அவற்றில் இருக்கும் கொலாஜன்தான் சூட்டில் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் இறங்குகிறது. நல்லியில் ருசி உண்டு, ஆனால் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்பு. நெஞ்செலும்பில் கறி ஒட்டியிருப்பதால் சாறு மணமாக வரும். நான்கு காலோடு 250 கிராம் நெஞ்செலும்பு சேர்த்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சுத்தம் செய்வதில்தான் சூப்பின் தலையெழுத்தே இருக்கிறது. கடைக்காரர் வாட்டிக் கொடுத்துவிட்டார் என்று அப்படியே போட்டுவிடாதீர்கள். குளம்பின் பிளவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், கருகிய முடி ஒட்டிக்கொண்டிருக்கும். அது துளி இருந்தாலும் போதும், பத்து மணி நேரமும் தீய்ந்த வாடையைச் சூப்பில் இறக்கிக்கொண்டே இருக்கும். மஞ்சள்தூளும் கல் உப்பும் வைத்துத் தேய்த்து, கத்தி முனையால் சுரண்டி, கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். பிறகு அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பொங்கி வரும் சாம்பல் நிற நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஸ்லோ குக்கரில் ஒருமுறை மூடியைத் திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் நுரை எடுக்கும் வேலை முன்பே முடியட்டும்.

கே: கனடாவில் எங்களுக்கு ஆட்டுக்கால் உறைந்த பாக்கெட்டாகத்தான் கிடைக்கிறது. அப்படியே போடலாமா? (டொராண்டோ)

ப: கூடாது. ஐஸ் உருகி, எலும்பு சூடேறி, பாத்திரம் முழுக்கச் சூடாவதற்குள் கிருமிகள் பெருக நிறைய நேரம் கிடைத்துவிடும். முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். சூடான தண்ணீர் ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் ‘ஹை’யில் ஓடவிட்டுப் பிறகு ‘லோ’வுக்கு இறக்குங்கள்.

கே: மிளகு, சீரகம், உப்பு எல்லாம் எப்போது போடுவது?

ப: சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், கொத்தமல்லி வேர் ஆரம்பத்தில். மிளகும் சீரகமும் கடைசி அரை மணியில், அப்போதுதான் இடித்துப் போடுங்கள். காலையிலேயே போட்டால் மணம் பறந்து காரம் மட்டும்தான் மிஞ்சும். உப்பு இறக்கும்போது.

கே: மாமனாருக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறோம். ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடிவிடும் என்று மூன்று வேளையும் அதையே கேட்கிறார். வேறெதுவும் வேண்டாம் என்கிறார். (தஞ்சாவூர்)

ப: சூப்பைக் கொடுங்கள், ஆனால் அது மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இந்த ஆசையை உலகம் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறது. பாரிஸில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் சூப்பாகக் கொடுத்தார்கள். அது இறைச்சிக்கு ஈடாகுமா என்று ஆராய்ந்த குழுவில் இருந்த மருத்துவர் மஜாந்தி 1841-ல் முடிவைச் சொன்னார்: ஜெலட்டினை மட்டும் கொடுத்து உயிரைக் காப்பாற்ற முடியாது. காரணம் இப்போது தெரிகிறது. உடம்புக்கு அவசியமான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் கிடையாது.

கால்சியமும் நாம் நினைக்கிற அளவுக்கு எலும்பைவிட்டு இறங்காது. லண்டனில் மெக்கான்ஸ், விடோசன் குழுவினர் 1934-லேயே எலும்பு சூப்பை அளந்து பார்த்து, குழந்தைகளுக்கு அதில் பெரிய சத்து இல்லை என்று எழுதிவிட்டார்கள். 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு கிண்ணம் சூப் அதன் பக்கத்தில்கூட வராது. குடித்த கொலாஜனும் நேராக முறிந்த இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது, மற்றப் புரதம் மாதிரியே வயிற்றில் உடைபட்டுத்தான் ரத்தத்தில் சேரும்.

அப்படியானால் சூப் எதற்கு? படுத்தே கிடப்பவருக்கு வாய் கசந்து, சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் திரும்பும். மிளகு வாசத்தோடு சூடாக அரை டம்ளர் உள்ளே போனால் பசி எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் முட்டை, பருப்பு சாதம், கீரை, மீன் என்று ஏதாவது ஒன்றைத் தட்டில் வையுங்கள். காலை நேரத்தில் கொஞ்சம் வெயிலும் படட்டும். சூப்பில் கிடக்கும் கால் துண்டையும் அவர் சாப்பிடட்டும், சாறை மட்டும் வடித்துக் கொடுக்க வேண்டாம்.

கே: வினிகர் ஊற்றினால் எலும்பிலிருந்து சத்தெல்லாம் இறங்கிவிடுமாமே?

ப: கொஞ்சம் கூடுதலாக இறங்கும், ‘எல்லாம்’ இறங்காது. புளிப்பு பிடித்தால் குடிக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள், அதன் ருசியாவது மிஞ்சும்.

கே: பக்கத்து வீட்டு சூப் ஃபிரிட்ஜில் ஜெல்லியாக உறைகிறது. என்னுடையது தண்ணீராகவே இருக்கிறதே?

ப: தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பீர்கள். ஸ்லோ குக்கரில் நீர் அவ்வளவாக வற்றாது, அடுப்புக் கணக்கு இங்கே செல்லாது. எலும்பு மூழ்கி மேலே ஒரு விரல் நின்றால் போதும். காலுக்குப் பதிலாக வெறும் நல்லியைப் போட்டிருந்தாலும் உறையாது. ஆட்டுக்கால் கிடைக்காத நாளில் கோழிக்கால் பத்து வாங்கிப் போட்டுப் பாருங்கள், கத்தியால் வெட்டி எடுக்கலாம். அதற்கு ஏழெட்டு மணி நேரமே போதும்.

கே: பத்து மணி நேரம் ஓடினால் கரண்ட் பில் எகிறாதா?

ப: 200 வாட் குக்கர் பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட்.

கே: நடுராத்திரி கரண்ட் போய்விட்டால்?

ப: விழித்திருந்தால் உடனே எல்லாவற்றையும் பாத்திரத்துக்கு மாற்றி கேஸில் வைத்துவிடுங்கள். தூங்கிவிட்டீர்கள், எப்போது போனது, எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை, காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். ஆட்டுக்கால் விலை எனக்கும் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் ஆகிற செலவு அதைவிடப் பெரிது.

கே: மீந்த சூப்பை ராத்திரி முழுக்க மேடையிலேயே ஆறவைத்து, காலையில் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். சரிதானே? (சென்னை)

ப: சரியில்லை. இந்தப் பக்கத்தில் வேறெது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கறிச்சாறில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சூப் ஆறி 40-45 டிகிரிக்கு வரும்போது விழித்துக்கொண்டு மளமளவென்று பெருகும். கனமான பீங்கான் பாத்திரம், மேலே கொழுப்பு, சென்னைப் புழுக்கம்: மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே நிற்கும். காலையில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்றும் இருக்காதீர்கள், சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதியிலும் அழியாது.

இப்படிச் செய்யுங்கள். எலும்பைத் தனியாக எடுத்துவிட்டு, சாறை அகலமான இரண்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஐஸ் கட்டி போட்ட தண்ணீர்த் தட்டில் அவற்றை வைத்துக் கரண்டியால் கிளறிவிடுங்கள். சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பை ஏடாக எடுத்துவிடலாம். மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ரசத்துக்கு நாலு கட்டி போட்டால் போதும், சாதம் பறக்கும்.

கே: யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர் குடிக்கலாமா?

ப: தள்ளி வைப்பதே நல்லது. யூரிக் ஆசிட்டைக் கூட்டும் பியூரின் தண்ணீரில் கரையக்கூடியது, நேராகச் சாறில்தான் இறங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கே: ஸ்லோ குக்கர் யார் கண்டுபிடிப்பு?

ப: அமெரிக்காவின் இர்விங் நாக்சன், 1940-ல் காப்புரிமை பெற்றவர். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். லிதுவேனியாவில் அவருடைய பாட்டி முந்தின சாயங்காலமே சோலண்ட் என்ற கறிக் குழம்புப் பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட, அணைந்த அடுப்பின் சூட்டிலேயே ராத்திரி முழுக்க அது வேகுமாம். அம்மா சொல்லக் கேட்ட அந்தக் கதையிலிருந்துதான் இந்தப் பாத்திரம் பிறந்தது. 1971-ல் வேறொரு நிறுவனம் அதைக் ‘கிராக் பாட்’ என்று விற்க ஆரம்பித்த பிறகுதான் வீடுவீடாகப் பரவியது.

கே: வெந்த எலும்பைத் தெரு நாய்க்குப் போடலாமா?

ப: வேண்டாம். வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். வெங்காயம், பூண்டு போட்டு வெந்த சாறும் நாய்க்கு ஆகாது. அதற்கென்று கொடுக்க நினைத்தால் வெறும் சோற்றில் ஒரு வெந்த முட்டையைப் பிசைந்து வையுங்கள்.