விசிறிகளின் விசிறி

தெருவுக்கு ஒரு ஜோசியர், ஒரு அரசியல் விமர்சகர், ஒரு மனை விற்பனை ஆலோசகர் என்று இருந்தது போய், இப்போது கூடுதலாக ஒரு கூலிங் சாரும் சேர்ந்திருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வேலை வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ. வழியில் பார்த்து, "சௌக்கியமா சார்?" என்று கேளுங்கள். "63-ல நிக்குது சார். நேத்து 71 வரைக்கும் போயிடுச்சு" என்பார். சர்க்கரை இவ்வளவு இறங்கிவிட்டதே, கையில் மிட்டாய்கூட இல்லையே என்று நீங்கள் பதறுவீர்கள். பதற வேண்டாம். அது அவருடைய கம்ப்யூட்டர் பிராசஸரின் சூடு, செல்சியஸில்.

எங்கள் தெரு கூலிங் சாருக்கு இந்தப் பித்து ஒரு மே மாதத்தில் வந்தது. கம்ப்யூட்டர் முதலில் தவழ்ந்தது, பிறகு தானாக அணைந்தது. பிராசஸர் 95, 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கடையைச் சாத்திவிடும். மனிதர்களில் பலருக்கு இல்லாத புத்தி. பெட்டியைத் திறந்து பார்த்தால் பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கின் இடுக்கெல்லாம் தூசி, தலையணைப் பஞ்சு, ஆயுத பூஜை சாம்பிராணியின் மிச்சம். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, இரண்டுக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் தீர்ந்திருக்கும். சில நூறு ரூபாய் செலவு. அதைத்தான் அவரும் செய்தார், சூடும் இறங்கியது. ஆனால் கழற்றிய பக்கவாட்டுத் தகட்டை அவர் திரும்ப மாட்டவே இல்லை. இன்றுவரை அது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

அடுத்த சனிக்கிழமை சென்னையின் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் உள்ளே திரும்பினால் வரும் அந்தச் சந்துகளில், மானிட்டர் அட்டைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறவருக்கு வழிவிட்டபடி நடக்கத் தெரிந்தால் போதும், எந்த உதிரி பாகமும் கிடைக்கும். கூலிங் சாருக்கு நடக்கத் தெரியும். வெளியே வரத்தான் தெரியாது.

"தம்பி, நல்ல ஃபேன் ஒண்ணு காட்டுங்க."

"இது பாருங்க சார். ஏஆர்ஜிபி. கலர் கலரா எரியும்."

"எரியறது இருக்கட்டும், சூடு குறையுமா?"

"சூடு இதுலயும் அதேதான் சார். பாக்க நல்லா இருக்கும்."

இவ்வளவு நேர்மையான வியாபாரியிடம் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? எரிகிற ஃபேனையே வாங்கினார், மூன்று.

பேஸ்ட் விஷயத்தில் கூலிங் சார்களுக்குள் இரண்டு மடம் உண்டு. நடுவில் பட்டாணி அளவு வைத்து அழுத்துகிறவர்கள் ஒரு மடம், குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போடுகிறவர்கள் இன்னொன்று. உண்மையில் அந்தப் பேஸ்ட்டின் வேலை, இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தில் காற்று நிற்காமல் அடைப்பது மட்டும்தான். அள்ளிப் பூசினால் கூடுதலாக ஒன்றும் குளிராது. எங்கள் சார் பட்டாணி மடம். ஆனால் திருப்தி வராது. மாதம் ஒருமுறை கழற்றி, துடைத்து, வேறு கம்பெனிப் பட்டாணி வைப்பார்.

அப்படிக் கழற்றியதில்தான் ஒருநாள் விபரீதம் நடந்தது. பேஸ்ட் இறுகியிருந்தால், கம்ப்யூட்டரைச் சற்று ஓடவிட்டு இளகச் செய்து, கூலரை மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். இவர் நேராகப் பிடித்து இழுத்தார். கூலரோடு பிராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது. அது ஏஎம்4 வகை. அடியில் 1331 ஊசிகள், தலைமுடி போலச் சன்னம். சில வளைந்துவிட்டன. அன்று மாலை அந்த வீட்டில் யாரும் தும்ம அனுமதி இல்லை. மகளுடைய மெக்கானிக்கல் பென்சிலிலிருந்து எழுதும் குச்சியை எடுத்துவிட்டு, அதன் குழலை ஒவ்வோர் ஊசியிலும் நுழைத்து நிமிர்த்தினார். பிழைத்துக்கொண்டது. அவருடைய தாயார் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைக்கச் சொன்னார். எந்த உறுப்புக்கு அறுவை நடந்தது என்று கடைசிவரை அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

ஃபேன்கள் பெருகின. முன்னால் மூன்று உறிஞ்சும், பின்னால் ஒன்று ஊதும், மேலே இரண்டு எதற்கோ சுற்றும். பக்கவாட்டுத் தகடே இல்லாத பெட்டிக்கு இத்தனை காற்றோட்டம் தேவையா என்று ஒரு தடவை கேட்டேன். "ஏர்ஃப்ளோ சார்" என்றார், பரிதாபமாகப் பார்த்து. பிறகு லிக்விட் கூலரும் வந்தது. "கரன்ட் சாமான்ல தண்ணி விடற வேலையெல்லாம் வேணாம்டா" என்று தாயார் சொன்னதற்கு மரியாதை கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீர் சூட்டைப் பிராசஸரிடமிருந்து வாங்கி ரேடியேட்டர் வழியாக அறைக்குள் இறக்கிவிடும், அவ்வளவுதான். ஃபேன் ஆனாலும் தண்ணீர் ஆனாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. ஆகவே வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது, பெட்டிக்குள்ளே பிறந்த சூடு முழுக்க வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்தது. "அந்தப் பொட்டிக்கு ஆறு ஃபேன், எனக்குப் பனையோலை விசிறி" என்று தாயார் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இனி, கரன்ட் போனாலும் கம்ப்யூட்டரைத் தாங்க வேண்டிய யூபிஎஸ். அட்டையில் 600 விஏ என்று போட்டிருந்ததை 600 வாட் என்று நினைத்து வாங்கினார். அந்த வகையில் பெரும்பாலும் 360 வாட்தான் தேறும். அது போகட்டும். முதல் மின்வெட்டுக்கு வீடே காத்திருந்தது. கரன்ட் போனது. யூபிஎஸ் 'பீப்' என்று வீரமாகக் குரல் கொடுத்தது. கொடுத்த கையோடு கம்ப்யூட்டர் அணைந்தது. அணைந்த கம்ப்யூட்டருக்குக் காவலாக யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

"உங்க கம்ப்யூட்டருக்குள்ள கரன்ட் பிரிச்சுக் கொடுக்கற எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி வகை சார். இந்த யூபிஎஸ்ல கரன்ட் அலை அலையா வராது, கட்டம் கட்டமா வரும். சில எஸ்எம்பிஎஸ்சுக்கு ஒத்துக்காது. ப்யூர் சைன் வேவ் எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். சொன்னது சரியான வைத்தியம்தான். விலை மட்டும் முதல் யூபிஎஸ்ஸைப்போல் பல மடங்கு. உள்ளே இரண்டு லெட்-ஆசிட் பேட்டரி. ஆட்டோவில் ஏற்ற டிரைவரும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

அதை எங்கே வைத்தார் என்பதில்தான் கதையே இருக்கிறது. வயர் எட்ட வேண்டுமே என்று கம்ப்யூட்டருக்குப் பின்னாலேயே வைத்தார். ஆறு ஃபேனும் தண்ணீரும் சேர்ந்து பிராசஸரிடமிருந்து பிடுங்கிய சூடெல்லாம் நேராக யூபிஎஸ்ஸின் முகத்தில் அடித்தது. இந்தப் பேட்டரிகளுக்குப் பிடித்தது 25 டிகிரி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அடுத்த கோடைக்குள் இரண்டும் உப்பிவிட்டன. பழையதை எடைக்குக் கழித்துக்கொண்டு புதியது போட்டார்கள். நகர்த்தி வைத்தாரா? இல்லை. யூபிஎஸ்ஸுக்கு ஒரு ஃபேன் வாங்கினார். அந்த ஃபேனை எதில் சொருகினார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம், யூபிஎஸ்ஸில்தான். பிறகு அறைக்கே ஏசி போட்டார். அந்த ஏசியையும் யூபிஎஸ்ஸில் கொடுக்க முடியுமா என்று கேட்டபோது, ரிச்சி தெருவின் அந்த நேர்மையான தம்பி முதல் தடவையாகக் கடைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பின் மனிதர் எதிர்பார்ப்பது ஒரு நல்ல மின்வெட்டு. அதுதான் இப்போது கிடைப்பதில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஊரெல்லாம் பாதி நாள் இருட்டில் கிடந்ததே, அந்தப் பொற்காலத்தில் தன்னிடம் யூபிஎஸ் இல்லையே என்று ஏங்குவார். காலையில் பேப்பர் வந்ததும் மின்தடைப் பட்டியலைத்தான் முதலில் தேடுவார். நம் பகுதி பெயர் இருந்தால் முகத்தில் ஒரு களை. இல்லாவிட்டால் மெயின் சுவிட்சைத் தானே அணைத்து 'டெஸ்ட்' செய்வார். மிக்ஸியில் தேங்காய் பாதியில் நிற்கும். "ஏங்க!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல், "அப்பா!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். அவர் காதில் விழாது. திரையில் இன்னும் எத்தனை நிமிடம் என்று யூபிஎஸ் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிமிடங்கள் எதற்கென்றால், செய்த வேலையைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதற்கு. அவர் அணைக்கமாட்டார். சேமிப்பதற்கும் எதுவும் இருக்காது.

ஆமாம், அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் வேலை? விசாரித்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி பில் கட்டுகிறார். மீதி நேரம் பிரைம்95 ஓடுகிறது. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய புரோகிராம் அது. பிராசஸரைக் கசக்கிப் பிழிந்து சூடேற்றும் என்பதால் கூலிங் சார்கள் அதைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். சூடாக்குவது, சூடு ஏறவில்லை என்று மகிழ்வது, அதற்கான ஈபி பில்லை அதே கம்ப்யூட்டரில் கட்டுவது.

இருந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, தெருவே செல்போனோடு அவர் வீட்டுப் படியேறியது. கம்ப்யூட்டரைச் சில நிமிடம் தாங்குவதற்கே திணறும் அந்தப் பேட்டரி, வரிசையாக வந்த போன்களுக்கு அலட்டிக்கொள்ளாமல் சார்ஜ் ஏற்றியது. அவரும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு போனையும் வாங்கிச் சொருகி, பெயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டிவைத்தார். தாயார் எல்லோருக்கும் காபி கொடுத்தார். "எங்க பையன் வாங்கிப் போட்டது" என்று யூபிஎஸ்ஸைக் காட்டவும் செய்தார்.

உங்கள் தெருவிலும் ஒரு கூலிங் சார் இருப்பார். மழைக்காலம் வருமுன் அவரிடம் நட்பாகிவிடுங்கள். ஒன்றே ஒன்று: இணைய ரௌட்டருக்கென்று தனியாகச் சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அதற்கும் ஒரு ஃபேன் வாங்கிவிடுவார்.