காலி ஆம்பூலுக்கு ஒரு விசாரணைக் கமிஷன்

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷப் படிப்பு. உடற்கூறியலில் ஆரம்பித்து மனநலம் வரைக்கும் எல்லாம் உண்டு. படுக்கை விரிப்பின் மூலையை 45 டிகிரியில் மடிக்கக்கூட மதிப்பெண் வைத்திருந்தார்கள். மெமோ வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சிலபஸில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

விளக்கேற்றும் விழாவில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நைட்டிங்கேல் உறுதிமொழி எடுத்தோம். அதை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற அம்மையார் தலைமையில் ஒரு கமிட்டி எழுதியது. யாரோ எழுதுவார்கள், வேறொருவர் பெயரில் நிற்கும். கமிட்டி என்றால் இதுதான் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நர்சிங் கவுன்சிலில் பதிவெண் வாங்கிய சூட்டோடு, தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் சேர்ந்தேன். என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் ஹெச்.ஆர். அலமாரிக்குள், நான் வெளியே.

வழக்குக்கு வருகிறேன். ஃபென்டனில் என்று ஒரு வலிமருந்து. மார்ஃபினைவிட ஐம்பதிலிருந்து நூறு மடங்கு வீரியம். கண்ணாடி ஆம்பூலில் இரண்டு மில்லி இருக்கும், அதில் நூறு மைக்ரோகிராம் மருந்து. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் இரட்டைப் பூட்டு, தனி ரிஜிஸ்டர், இரண்டு பேர் கையெழுத்து. எல்லாவற்றையும்விட முக்கியம், உடைத்த காலி ஆம்பூல். அதையும் பிரிஸ்கிரிப்ஷனையும் ஃபார்மசியில் கொடுத்தால்தான் அடுத்த ஆம்பூல் வரும். மருந்து இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத கண்ணாடிக்கு, தீர்ந்த பிறகு வருகிற மரியாதை இருக்கிறதே!

அன்றைக்கு எனக்கு நைட் டூட்டி. விடியற்காலை மூன்றே முக்கால் இருக்கும். ஒரு நோயாளிக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி டியூப் போடவேண்டி வந்தது. டியூட்டி டாக்டரே ஃபென்டனிலை உடைத்து ஏற்றினார். காலி ஆம்பூலைக் கேட்டேன். "என்கிட்ட இருக்கு சிஸ்டர், பிரிஸ்கிரிப்ஷனோட சேர்த்துக் குடுத்துடறேன்" என்றார். நர்சஸ் நோட்ஸில் நேரம் போட்டு அதை அப்படியே எழுதினேன். எழுதாதது நடக்காதது என்று கல்லூரியில் எங்கள் காதில் ஓதி ஓதியே வளர்த்திருந்தார்கள்.

காலையில் ஹேண்டிங் ஓவர். ரிஜிஸ்டர் ஒரு கணக்குச் சொன்னது, காலி ஆம்பூல் டப்பா ஒன்று குறைத்துச் சொன்னது. டாக்டரைக் கூப்பிடலாமென்றால் அவர் நீட் பி.ஜி. தேர்வுக்குப் படிக்க லீவு போட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். படிப்பு கெடும் என்று போனையும் அணைத்துவிட்டார்.

பிறகென்ன, குப்பைத் தொட்டிதான். 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி கண்ணாடிக்கு நீலம், ஊசிக்கு வெள்ளை, டியூபுக்குச் சிவப்பு, ரத்தம் தோய்ந்ததற்கு மஞ்சள். நானும் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் கையுறை மாட்டிக்கொண்டு நான்கு நிறத்தையும் கிளறினோம்.

"ஏம்மா, அதுக்குள்ள மருந்து இருந்துச்சா?"

"இல்லக்கா, காலி."

"காலின்னா எதுக்கும்மா தேடுற?"

பிறகு கூடிய கமிட்டியில் யாரும் இவ்வளவு நேரான கேள்வியைக் கேட்கவில்லை. பதில் இல்லாத கேள்வி இல்லை அது. மருந்து நோயாளி உடம்புக்குள்தான் போனது, வேறெங்கும் போகவில்லை என்பதற்கு அந்தக் கண்ணாடித் துண்டுதான் சாட்சி. விதியில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. சாட்சியைத் தேடப் போனவர்கள் வழியிலேயே என்னைப் பார்த்துவிட்டு, இது போதும் என்று திரும்பிவிட்டார்கள். குறை அதில்தான்.

மதியம் மெமோ வந்தது. 48 மணி நேரத்துக்குள் விளக்கம் தரவேண்டும், தவறினால் நடவடிக்கை. இன்சார்ஜ் சிஸ்டர் மார்த்தாண்டத்துக்காரர். "பேடிக்காண்டாம் மக்ளே, தெரியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. ஃபைல் மூடிரும்" என்றார். ஹெச்.ஆரில் இருந்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், மன்னிப்புக் கடிதத்தையே டைப் அடித்து வைத்திருந்தார். பெயர் போடும் இடம் மட்டும் காலி. எனக்கு முன்னால் எத்தனை பெயர் அதில் ஏறி இறங்கியதோ.

ஹாஸ்டலில் செய்தி எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆம்பூல் காணோம். டீ நேரத்தில் ஒரு பெட்டி காணோம். ராத்திரி தோசைக்கு வரிசையில் நின்றபோது, போலீஸ் வந்து என் சூட்கேஸைத் திறந்து பார்த்ததாக எனக்கு முன்னால் நின்ற பெண் என்னிடமே சொன்னாள். பிசியோதெரபியில் புதிதாகச் சேர்ந்தவள், என்னைத் தெரியாது. சூட்கேஸில் என்ன இருந்ததாம் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேங்கிறார்கள் என்று வருத்தப்பட்டாள்.

கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். அம்மா அழுதாள். மாமா போனை வாங்கினார். மாமா வருவாய்த் துறையில் ரிட்டயர்டு ஆனவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "பதினேழு ஏயா, பதினேழு பியா?"

அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் 17 ஏ என்றால் சிறு தண்டனை, 17 பி என்றால் பெருந்தண்டனை. மாமா இரண்டையும் வாங்கி இரண்டிலிருந்தும் மீண்டவர். தனியார் ஆஸ்பத்திரியில் அந்த விதியெல்லாம் கிடையாது மாமா என்றேன். "ஒண்ணுமே கிடையாதா? அப்புறம் எந்த தைரியத்துல மெமோ குடுக்கான்?" என்று அவருக்கு மனசு விட்டுப்போனது.

ஆனால் சுதாரித்துக்கொண்டு உபதேசம் ஆரம்பித்தார். என்ன குற்றச்சாட்டு என்பதை எழுத்தில் கேள். எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார்கள், அதன் நகல் கேள். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் இன்னொரு பிரதியில் சீல் வாங்கு. "மன்னிப்புன்னு ஒரு எழுத்து எழுதுன, ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் புள்ள. மன்னிப்பெல்லாம் நம்ம வீட்டோட வச்சுக்கோ."

பிறகு போனிலேயே வரைவு சொன்னார்: "பொருள், பார்வை, பார்வையில் காணும் தங்களது குறிப்பாணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கும் விளக்கம் யாதெனில்..." எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாம் இங்கிலீஷ். யாதெனிலை இங்கிலீஷில் எப்படிக் கொண்டுவருவது என்று ராத்திரி பூராவும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரெஸ்பெக்டட் மேடம் என்று ஆரம்பித்து, ஆம்பூல் டாக்டரிடம் இருக்கிறது, நர்சஸ் நோட்ஸைப் பார்க்கவும் என்று முடித்தேன். சீல் கேட்டபோது ஹெச்.ஆர்.காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சர்வீஸில் சீல் கேட்ட முதல் ஸ்டாஃப் நர்ஸ் நான்தான் போல.

நோயாளி நன்றாகத் தேறி வீட்டுக்குப் போன பிறகுதான் கமிட்டி கூடியது. நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், ஃபார்மசிஸ்ட், ஹெச்.ஆர்., குவாலிட்டி மேனேஜர், நடுவில் முந்திரி பிஸ்கட்.

"ஆம்பூலைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"டாக்டர் கையில சார்."

"எந்த நிலையில இருந்துச்சு?"

"உடைஞ்சு இருந்துச்சு சார்."

"உடைஞ்சா?" என்று ஹெச்.ஆர்.காரர் நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார். உடைக்காமல் ஆம்பூலிலிருந்து மருந்து எடுக்க முடியாது என்று ஃபார்மசிஸ்ட் அவர் காதில் சொன்னார். குறித்ததை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

குவாலிட்டி மேனேஜர் நல்ல மனிதர். சேர்ந்த புதிதில் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் அவர்தான். ஒரு தவறு நடந்தால் ஆளைத் தேடாதே, அமைப்பில் எங்கே ஓட்டை என்று பார் என்று ஜேம்ஸ் ரீசன் சொன்னதை ஸ்லைடு போட்டு விளக்கினார், சர்டிஃபிகேட்டும் கொடுத்தார். இப்போது வெள்ளைப் பலகையில் ஜப்பானியர் இஷிகாவாவின் மீன்முள் படத்தை வரைந்தார். தலைப் பக்கம் பிரச்சினை, முள்ளுக்கு ஒரு காரணம். மனிதர் என்ற முள்ளில் என் பெயர். செய்முறை என்ற முள்ளிலும் என் பெயர். சூழல் என்ற முள்ளில் 'நைட் டூட்டி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் பெயர். நைட்டிங்கேலும் 1858-இல் ஒரு படம் போட்டார். போரில் செத்த சிப்பாய்களில் பெரும்பாலோர் குண்டடியால் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று வண்ண வட்டத்தில் காட்டி அதிகாரிகளை வழிக்குக் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் அமைப்பு மாட்டிக்கொண்டது. இந்த மீனில் நான் மட்டும்தான்.

நர்சஸ் நோட்ஸைப் பாருங்கள் என்றேன். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதால் ஃபைல் மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்குப் போய்விட்டது. நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்றது கமிட்டி. ரெக்கார்ட்ஸில் போய்க் கேட்டால், கமிட்டி எழுதிக் கேட்டால்தான் தருவோம் என்றார்கள். மாமா சொன்னபடி அதையும் எழுதி, அதற்கும் சீல் வாங்கினேன். ஹெச்.ஆர்.காரர் இந்தத் தடவை நான் கேட்காமலேயே சீலை எடுத்தார்.

ஃபைல் வருவதற்குள் ஆம்பூலே வந்துவிட்டது. லாண்டரி அண்ணன் டாக்டர்களின் ஸ்க்ரப் சட்டைகளை மெஷினில் போடும் முன் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பவர். அந்த ஒரு நல்ல பழக்கத்தில் என் வேலை பிழைத்தது. டீக்கடை ரசீது, மூடியில்லாத பேனா, ஃபென்டனில் பிரிஸ்கிரிப்ஷன், அதில் சுற்றிய காலி ஆம்பூல். டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. பிரிஸ்கிரிப்ஷனோடு சேர்த்தேதான் வைத்திருந்தார். மறுநாள் போனை ஆன் செய்தவர், "ஐயோ, என் பாக்கெட்லயா இருந்துச்சு? சாரி சிஸ்டர்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அவருக்கு மெமோ போகவில்லை. டாக்டர்களுக்கு மெமோ கொடுக்கும் படிவம் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முதல் வரி. ஆயினும் இனிமேல் மிகுந்த கவனத்துடன் நடந்துகொள்ளுமாறு எச்சரிக்கப்படுகிறார் என்று இரண்டாவது வரி. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அரசாங்கமும் இதே வாசகம்தான் போடும், அப்ப உங்க ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான்" என்று திருப்திப்பட்டார்.

இப்போது எங்கள் ஐ.சி.யூ. சுவரில் காலி ஆம்பூலுக்கென்று பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். கமிட்டியின் பரிந்துரை. டாக்டர்கள் அதில் போட வேண்டும், போட்டார்களா என்று ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஒரு சிஸ்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெட்டிக்குப் பொறுப்பு யார் என்று ஒட்டியிருக்கும் தாளில் என் பெயர் இருக்கிறது. அலவன்ஸ் கிடையாது.