புலியைத் தொட்ட புண்ணியவான்களே!

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி வந்து, தேக்கடியில் படகில் போய், யானையையும் காட்டெருமையையும் கண்டும் மனம் நிறையாமல் "புலி எங்கே?" என்று கேட்ட பெருமக்களே, உங்கள் புலிப்பற்றுக்கு என் வணக்கம். சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பாலக்காட்டுப் பரம்பிக்குளம் போய், வேனைவிட்டு இறங்கும்போதே "காசு தண்டம்" என்றவர்களும் நீங்கள்தான். நீங்கள் வரும் நேரத்துக்குப் புலி வந்து வழியில் நிற்கவில்லை. அந்தக் குற்றத்தை நீங்கள் மன்னிக்காததும் நியாயமே.

அதோடு சோர்ந்துவிடவில்லையே! தாய்லாந்துக்கு விமானம் ஏறினீர்கள். அங்கே புலியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சீட்டு வாங்கினால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டீர்கள். அதன் கழுத்துச் சங்கிலியும் பராமரிப்பவர் கையிலிருந்த குச்சியும் உங்கள் கண்ணில் படவில்லை. புலியைத் தவிர வேறெதையும் பாராத அந்த ஒருமுகப் பார்வை முனிவர்களுக்கும் வாய்க்காது.

துணிவும் உங்களுடையதே. கையால் பாலூட்டி வளர்த்தாலும் புலி வீட்டு விலங்காகிவிடாது. அச்சமோ எரிச்சலோ வந்தால் நொடியில் பாயும். 2025-இல் அங்குள்ள புக்கெட்டில் படத்துக்காகப் புலி அருகே போன இந்தியப் பயணி ஒருவரை அது தாக்கிய காணொளியை ஊரே பார்த்தது. நீங்களும் பார்த்தீர்கள். பார்த்த பிறகும் குழந்தையைத் தூக்கிப் புலியருகே உட்கார வைக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

புலிக்குட்டியை மடியில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்தீர்களே, அந்தத் தாய்மையை என்னவென்று சொல்வது! காட்டில் தாய்ப்புலி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குட்டிகளை உடன் வைத்து வேட்டை பழக்கும். உங்கள் மடிக்கு வருவதற்காக, பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். குட்டியை இழந்த தாய் சீக்கிரமே மறுபடி சினையாகும். அடுத்து வரும் பயணிகளுக்கும் குட்டிகள் தயார். சில மாதங்களில் பல்லும் நகமும் வளர்ந்து மடிக்கு அடங்காமல் போன குட்டி எங்கே போயிற்று என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை நாகரிகம்!

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருந்த புலிக்கோயிலும் உங்களைப் போன்ற அன்பர்களால் தழைத்ததுதான். 2016-இல் அதிகாரிகள் உள்ளே போனபோது உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. அங்கிருந்து மீட்ட 147 புலிகளில் 86 புலிகள் 2019-க்குள் இறந்துவிட்டன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதால் அவற்றின் உடலில் நோயைத் தாங்கும் வலு இல்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். அவற்றோடு எடுத்த படங்கள் மட்டும் உங்கள் கைப்பேசிகளில் நலமாக இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்குத்தான் உங்கள் அருமை தெரியவில்லை. 2020 நவம்பரில், கண்ணகி கோட்டம் இருக்கும் மங்கலதேவிக் காட்டில், தாயைப் பிரிந்து தளர்ந்து கிடந்த பெண் புலிக்குட்டியைக் கேரளத்தின் பெரியாறு வனத்துறையினர் எடுத்து வளர்த்தார்கள். மங்களா என்று பெயரும் வைத்தார்கள். எவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்கும், எத்தனை சீட்டு விற்றிருக்கும்! அந்தக் கஞ்சர்கள் ஒருவரையும் கிட்டே விடவில்லை. காட்டுக்குள் வேலி அடைத்து வேட்டை பழக்கினார்கள். கண்ணில் கோளாறு தெரிந்ததும் மருந்து போட்டார்கள். மனித வாடை பழகிய புலி காட்டுக்குத் திரும்ப முடியாது என்ற ஒரே பிடிவாதம் அவர்களுக்கு.

கேரளம் இதில் முன்பே பிடிவாதம் பிடித்த ஊர்தான். சர்க்கஸுக்குப் பேர்போன தலச்சேரி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் புலி, சிங்கம், சிறுத்தை முதலியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாதென்ற மத்திய அரசின் தடையைக் கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் உறுதிசெய்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இங்கே சட்டம் அடைத்த கதவுக்குக் கடல் கடந்து வழி கண்ட உங்கள் ஊக்கத்தைப் புகழ எனக்குச் சொல் போதவில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த பயணத் திட்டத்தில் முகவர் புலிப் பூங்காவைச் சேர்த்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அதை நீக்கிவிடச் சொல்லுங்கள்.