செலவழுங்கு படலம்: திருவண்ணாமலையிலிருந்து இருசக்கர வாகனத்தில் அயல்நாடு செல்லத் திட்டமிடுதல் பற்றிய ஆய்வு

இருசக்கர வாகனத்தில் நெடுந்தொலைவு சென்று அயல்நாடுகளைக் கண்டு திரும்பியவர்கள் எழுதிய நூல்கள் உலக மொழிகளில் பலவாக இருப்பினும், அப்பயணத்துக்கு முற்பட்டதும், அதனினும் நெடியதும், பெரும்பாலான நேர்வுகளில் அதற்கு மாற்றாகவே அமைந்துவிடுவதுமாகிய திட்டமிடல் என்னும் துறை உரிய மதிப்புடன் ஆராயப்படவில்லை. திட்டமிடல் என்பது இங்கே, புறப்பட வேண்டும் என்னும் எண்ணம் தோன்றிய கணத்துக்கும் புறப்படும் கணத்துக்கும் இடைப்பட்ட காலம் எனக் கொள்ளப்படுகிறது. பின்னது நிகழாதவிடத்து அக்காலத்துக்கு எல்லை இல்லை. அதில் ஈடுபட்டிருப்பவர் இனித் 'திட்டத்தார்' என்றே குறிக்கப்பெறுவார்.

ஆய்வுக் களமாகத் திருவண்ணாமலை கொள்ளப்பட்டதற்குக் காரணங்கள் உள்ளன. குளிர்காலந்தோறும் ரமணாசிரமத்தை நாடி வரும் அயல்நாட்டார் செங்கம் சாலையில் வாடகை புல்லட்டிலும் ஸ்கூட்டரிலும் திரிவதால், ஐரோப்பா என்பது இவ்வூர் இளைஞருக்குப் பூகோளப் பாடமாக அன்றி, டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை இல்லாமல் கேட்கும் மனிதராகவே அறிமுகமாகிறது. அவர் அங்கிருந்து இங்கு வரலாமெனில் நாம் இங்கிருந்து அங்குப் போனால் என்ன என்னும் வினா இரண்டாவது கிளாசில் எழுந்துவிடுகிறது. மேலும், ஊர் வழியாகச் செல்லும் திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரியில் ஆசிய நெடுஞ்சாலைகளைத் தொடுகிறது. அவற்றுள் 43ஆம் எண் சாலை ஆக்ராவில் தொடங்கி மதுரை, தனுஷ்கோடி வழியாக இலங்கையின் மாத்தறை வரை செல்வதாக வகுக்கப்பட்டுள்ளது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் கிடப்பதை ஐக்கிய நாடுகள் ஆணையத்தின் துணையோடு அதை வகுத்தவர்கள் ஒரு தடையாகப் பொருட்படுத்தவில்லை என்பதால், திட்டத்தார் மரபில் அவர்களையே முதல்வராகக் கொள்வது பொருந்தும்.

இத்துறைக்கு இலக்கணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. தலைவன் பொருள் தேடப் பிரிந்து செல்லத் துணிந்து, தலைவியின் வாட்டம் கண்டு பயணத்தை நிறுத்தி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என அகப்பொருள் நூலார் கூறுவர். அது போகாமலே இருந்துவிடுவது அன்று, வீட்டிலுள்ளாரை ஆற்றுவித்துப் போவதற்காகச் செய்யும் நிறுத்தமே எனத் தொல்காப்பியர் கற்பியலில் தெளிவுபடுத்தியிருக்கிறார். இக்கட்டுரையின் துணிபும் இதுவே: திட்டத்தார் போகாதவர் அல்லர், அழுங்கி நிற்பவர்; ஆதலின் "இன்னும் கிளம்பலையா?" என்று அண்டை வீட்டார் கேட்பது இலக்கணப் பயிற்சி இன்மையால் நேர்வதே. சங்கத் தலைவன் ஒருத்தியின் பொருட்டு அழுங்கினான் என்றால், இக்காலத்தவர் தாய், மனைவி, மேலாளர், வங்கி, சுங்கத்துறை ஆகிய ஐவர் பொருட்டு அழுங்க வேண்டியிருக்கிறது என்பதொன்றே வேறுபாடு. பின்னிருக்கையில் துணையுடன் செல்லும் திட்டங்கள் உடன்போக்கின்பாற்படும். அவை தலைவியின் வீட்டில் தெரிந்த அன்றே கைவிடப்படுவதால் இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

திட்டமிடலின் முதற்கண் நிகழ்வது வாகனத் தேர்வு. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்த காலந்தொட்டு நிலைபெற்றிருக்கும் புல்லட் மதத்தார், எந்தச் சிற்றூரிலும் ஒரு ஸ்பேனரும் ஒரு மேஸ்திரியும் கிடைத்தால் இவ்வண்டியை ஓடவைத்துவிடலாம் என்பர். 2016இல் தோன்றிய ஹிமாலயன் மதத்தார், எந்தச் சிற்றூர் என்பது போளூருக்கும் செங்கத்துக்கும் இடைப்பட்ட ஊர்களைக் குறிக்குமேயன்றி உஸ்பெகிஸ்தானத்து ஊர்களைக் குறிக்காது என மறுப்பர். பட்டறை வாசலில் நிகழும் இவ்வாதத்தில் கிளட்ச் கேபிள் எத்தனை உதிரி எடுத்துச் செல்வது, சைடு பாக்ஸ் தகரமா பிளாஸ்டிக்கா, செயினுக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விடுவது என்னும் கிளை வாதங்களும் உண்டு. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பரத்வாஜ் தயாளா 2006இல் 223 சிசி ஹீரோ ஹோண்டா கரிஷ்மாவில் தனியாகக் கிளம்பி உலகைச் சுற்றி மறு ஆண்டு திரும்பினார் என்னும் செய்தி இரு மதத்தார்க்கும் தெரியும். அதை மேற்கோள் காட்டினால் வாதம் அத்துடன் முடிந்துவிடுமாகையால் இருவரும் காட்டுவதில்லை.

அடுத்தது ஆவணப் படலம். இத்துறையின் ஆழம் இங்குதான் புலப்படும். எல்லை கடக்கும் மனிதருக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருப்பதுபோல வண்டிக்கும் பல நாடுகள் ஒன்றைக் கேட்கின்றன. அதன் பெயர் கார்னே. ஒரு நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட வண்டி அங்கே விற்கப்படாமல் மீண்டும் வெளியேறும் என்பதற்கும், வெளியேறாவிட்டால் சுங்கவரி செலுத்தப்படும் என்பதற்கும் உறுதியளிக்கும் ஏடு அது. ஒவ்வொரு தாளும் நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று, ஏட்டிலேயே தங்கும் அடிக்கட்டை ஒன்று என மூன்று துண்டுகளாக இருக்கும். இந்தியாவில் இதை வழங்கிவரும் அமைப்பு மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம். ஏடு ஓராண்டுக்கே செல்லும் என்பது ஒரு தொல்லை. அதைப் பெற வண்டியின் மதிப்பைப் பொறுத்த ஒரு தொகையை வங்கியில் ஈடாகக் கட்டிவைக்க வேண்டும் என்பது பெருந்தொல்லை. திட்டத்தாரில் பலருக்கு அத்தொகையைத் திரட்ட உள்ள ஒரே வழி வண்டியை விற்பது. வண்டி தவணையில் வாங்கப்பட்டதாயின் ஆர்சி புத்தகத்தில் ஹைபோதிகேஷன் என்று அச்சிட்டிருக்கும், அதாவது வண்டி இன்னும் கடன் கொடுத்தவருக்கு ஈடாக இருக்கிறது என்று பொருள், அவரிடம் என்.ஓ.சி. கேட்கப் போகும் திட்டத்தார் இஸ்தான்புல் என்னும் சொல்லைத் தவிர்ப்பது நலம்.

விசாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஐரோப்பியக் கூட்டு விசாவாகிய ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க இயலாது. கிடைத்த பின்னரும் எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்களுக்கு மேல் அங்குத் தங்க இயலாது. ஒன்று காலாவதியாகும்போது மற்றொன்று கைக்கு வருவதால், எல்லா ஏடுகளும் ஒருசேர உயிரோடிருக்கும் நாட்களைக் கண்டறிய ஐந்து நிறங்கள் தீட்டிய எக்செல் அட்டவணை ஒன்று தேவைப்படுகிறது. இவ்வட்டவணையைத் திட்டத்தின் கருவி என்பர் ஒரு சாரார், அதுவே திட்டத்தின் பயன் என்பது மற்றொரு சாரார் கொள்கை, பின்னதே ஏற்புடைத்து.

வழியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேற்கே அட்டாரி எல்லைச் சாவடியை 2025 ஏப்ரலில் இந்தியா மூடிவிட்டது. கிழக்கே மோரே வழியாக மியான்மர் செல்லும் பாதை 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நம்பத்தக்கதாக இல்லை. சீனா, வெளிநாட்டு வண்டியோடு வருபவர் உள்ளூர் வழிகாட்டி ஒருவருக்குப் பணம் கட்டி அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது. நேபாளம் மட்டும் இந்திய வண்டிக்குக் கார்னே கேட்பதில்லை. எல்லையில் நாட்கணக்குக்கு ஒரு வரி வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறது. அதனாலேயே திட்டத்தார் அதை அயல்நாடு என மதிப்பதில்லை. மிக அருகிலுள்ள இலங்கைக்கு 2023 அக்டோபர் 14 முதல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது; அதில் ஆள் போகலாம், வண்டி போகாது. எஞ்சுவது வண்டியை மரப்பெட்டியில் அடைத்துச் சென்னையிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ அனுப்புவது. விமானச் சரக்குக்குக் கொடுக்கும்போது பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆபத்தான சரக்குப் பட்டியலில் 3166ஆம் எண்ணின் கீழ்ப் பதிய வேண்டும். இத்தனை பூசைகளும் செய்து, எலுமிச்சம்பழமும் நசுக்கி அனுப்பிய வண்டி ஆபத்தான சரக்கு எனப்படுவது திட்டத்தாரின் தாயாருக்கு மனவருத்தம் தருவதாகும்.

புறப்படும் நாள் குறித்த ஆராய்ச்சி தனி நூலுக்குரியது எனினும் அதன் சாரத்தைக் கூறாமல் விடலாகாது. வாரசூலம் என்பது குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட திசைநோக்கிப் பயணம் தொடங்கலாகாது என்னும் பஞ்சாங்க விதி: திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே, வியாழன் தெற்கே. இலண்டனை முடிவிடமாகக் கொண்ட ஒருவர் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைத் துறைமுகம் செல்லக் கிழக்கு நோக்கிப் புறப்பட வேண்டியிருப்பதால் திங்களும் சனியும் கழிந்தன. அவர் சேருமிடமோ வடமேற்கில் இருப்பதால் செவ்வாய், புதன், வெள்ளி, ஞாயிறு ஆகியனவும் கழிந்தன. எஞ்சுவது வியாழன் ஒன்றே. அன்று காலை 6 முதல் 7.30 வரை எமகண்டம், பிற்பகல் 1.30 முதல் 3 வரை இராகுகாலம். ஐரோப்பிய மலைக்கணவாய்கள் பனி நீங்கித் திறந்திருக்கும் கோடையின் நடுவே ஆடி மாதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மார்கழியை யாரும் கருதுவதில்லை. கார்த்திகையில் தீபத் திருவிழாக் கூட்டத்தால் ஊரை விட்டு வெளியேறுவதே பெரும்பாடு. அட்டமி, நவமி, கரிநாள், மேலாளர் விடுப்புத் தராத நாள் ஆகியவற்றையும் கழித்தால் ஆண்டில் இரண்டொரு வியாழன் தேறக்கூடும். அவற்றுள் ஒன்றில் நெருங்கிய உறவில் ஒரு கலியாணம் இருக்கும். 1973 அக்டோபர் 6 அன்று, எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் போர் தொடங்கிய அதே நாளில், டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் இலண்டனிலிருந்து 500 சிசி டிரையம்ஃபில் ஆப்பிரிக்காவை நோக்கிக் கிளம்பி நான்காண்டுகள் உலகைச் சுற்றியது, நாள் பார்க்காதவர் எவ்வளவு அலைய நேரும் என்பதற்குச் சான்று.

திட்டமிடல் இன்றியே உலகைச் சுற்றிய நேர்வாக முருகனின் மயில் பயணத்தைக் காட்டுவாரும் உளர். அம்மயிலை இன்று எல்லை கடத்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது என்பது ஒருபுறமிருக்க, அப்போட்டியில் வென்றவர் பெற்றோரை மட்டும் சுற்றி, விதிமுறையை நுணுகி ஆராய்ந்த அண்ணன் என்பதைத் திட்டத்தார் மறப்பதில்லை. இம்முறையைப் பின்பற்றி, கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைக் கொண்டே உலகச் சுற்றளவை ஈடுகட்டிவிடலாம் என வாதிப்போருக்காகக் கணக்கிட்டுப் பார்த்ததில், நிலநடுக்கோட்டின் 40,075 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,862 சுற்றுகள் வேண்டும். பௌர்ணமிக்கு ஒன்றாகச் சுற்றினால் 231 ஆண்டுகள். ஷெங்கன் விசாவுக்கு இது பொருந்தாது.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று இவ்வூர் வரலாற்றிலேயே உள்ளது. 1896 ஆகஸ்டு 29 அன்று, பதினாறு வயது வேங்கடராமன், பிற்காலத்து ரமணர், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் கடிதத்துடன் வைத்துவிட்டு மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அவர் செய்த திட்டமிடல் பழைய நிலப்படம் ஒன்றைப் புரட்டியது மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன்பே திருவண்ணாமலைக்கு இரயில் வந்துவிட்டதை அப்படம் அறியாததால், திண்டிவனமே அண்மை நிலையம் எனக் கொண்டு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குச் சீட்டு வாங்கினார். வழியில் ஒரு மௌல்வி சொன்னதன் பேரில் விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டு வரை இரயிலிலும் பின்னர்க் கால்நடையாகவும் சென்று, கீழூரில் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை வந்து சேர்ந்தார். இவ்வளவு பிழைபட்ட திட்டமும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்பர் எதிர்த்தரப்பார். இதற்கு விடை உண்டு: அன்று சனிக்கிழமை, கிழக்கே சூலம், அவர் சென்றதோ வடக்கு, இராகுகாலம் 10.30க்கே கழிந்திருக்க, வண்டி கிளம்பியது நண்பகலில். மேலும் அவருக்குத் திரும்பும் திட்டம் இல்லை. 1950 வரை ஊரை விட்டு அவர் நகரவேயில்லை. கார்னே ஏட்டில் வெளியேற்றத் துண்டு முத்திரையிடப்படாமலே நின்றுவிட்ட இந்நேர்வைச் சுங்கத்துறையார் முன்மாதிரியாக ஏற்கமாட்டார்கள்.

ஆயினும் ஆய்வின் போக்கில் தெரியவந்த ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. மேற்கண்ட எல்லா ஏடுகளையும்விட உள்ளூரிலேயே எளிதில் கிடைப்பது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒன்று. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் இதற்குப் படிவம் 4ஏ, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, ஆயிரம் ரூபாய்க் கட்டணம் ஆகியன போதும். பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால் அதைக் கையில் வாங்கியவர் அழுங்கி நிற்க முடியாமல் கிளம்ப நேரிடும். திட்டத்தார் கடைசி வரை அதற்கு விண்ணப்பிக்காததன் காரணம் இதுவே. டிஎன் 25 என்னும் எண்ணுக்குரிய திருவண்ணாமலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வியாழக்கிழமைகளிலும் இயங்குகிறது.