நடுக்கம்

1989-இல் மதுரையில் ஹாம் ரேடியோவுக்காக எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே இருபது மீட்டர் கம்பி கட்டியிருந்தோம். தினமும் காலையும் இரவும் 7 மெகாஹெர்ட்ஸில் ‘நெட்’ என்ற வானொலிச் சந்திப்பு கூடும். மதுரையோடு சென்னை, கோவை, திருச்சி, நாகர்கோவில், பெங்களூரு என ஆறு நிலையங்கள். யாருக்கு யார் எப்படிக் கேட்டது என்பதை, நெட்டை நடத்திய அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். பேண்ட் எப்போது திறக்கும் என்பதற்கு எங்களிடமிருந்த ஒரே கணக்கு அந்த நோட்டுதான்.

14 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தில்லி கணீரென்று கேட்கும். பக்கத்துத் திருச்சி கேட்காது. திருச்சிக்காரர் ஆன்டெனாவை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். பழுது அவரிடம் இல்லை. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள, அயனிமண்டலத்தின் எஃப்2 அடுக்கு, சாய்ந்து வரும் அலையைத் திருப்பிவிடும். ஏறக்குறைய நேராக ஏறும் அலை, அதிர்வெண் கூடிவிட்டால், அதைத் துளைத்து வெளியே போய்விடும். திருச்சிக்குப் போகவேண்டிய அலை அப்படித்தான் போனது.

இன்று அதே ஆறு ஊர்களையும் மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்காக அயன்கேப் நிரலிலிருந்து உருவான வோவாகேப் என்ற அலைப்பரவல் கணிப்பு நிரல், மாதம், சூரியப்புள்ளி எண், ஆன்டெனா, வாட், சுற்றுப்புற இரைச்சல் ஆகியவற்றைக் கேட்கிறது. ஆறு நிலையங்களென்றால் பதினைந்து இணைப்புகள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு 360 கட்டங்கள். திருச்சி மௌனமாகும் நேரங்கள் கண்ணெதிரே தெரிகின்றன. அன்று இது கையில் இருந்திருந்தால் அந்த மனிதர் வெயிலில் மாடி ஏறியிருக்க வேண்டாம்.

அண்ணனின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 1989 மார்ச்சை நிரலில் போட்டு, பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். காலை நேரங்கள் அழகாகப் பொருந்தின. இரவு எட்டு மணிக்கு நாகர்கோவில் நன்றாகக் கேட்கும் என்றது நிரல். நோட்டில் பல நாள் ஒரே சொல்: ‘நடுக்கம்’. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. சூரியப்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், மார்ச் மாதத்தையொட்டி, அந்தி சாய்ந்ததும் எஃப் அடுக்கு குமிழ்குமிழாகக் கலையும். குரல் சிதறி நடுங்கும். வோவாகேப் தருவதோ மாத நடுமதிப்பு; அதில் அந்த நடுக்கம் தெரியாது.

அதனால், வானொலித் தடத்தைப் போலச் செய்ய 1970-இல் வாட்டர்சன் என்பவர் சொன்ன முறையில், ஒரே சைகையை இரண்டு பாதைகளில் அனுப்பி, ஒன்றைச் சில மில்லிவினாடி தாமதித்து, இரண்டையும் தனித்தனியே ஏற்றி இறக்கி, நானே எழுதிய நிரல் ஒன்றில் சேர்த்தேன். ஹெட்ஃபோனை மாட்டிப் பழைய ஒலிநாடா ஒன்றை அதன் வழியே ஓட்டினேன். “தம்பி, கேக்குதா?” என்ற அண்ணனின் குரல், நாகர்கோவிலிலிருந்து வருவதுபோல் நடுங்கியது.