புரூனோ, இங்கே பாரு!

சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் இவரைப் பார்த்துவிடலாம். மாலை ஆறு மணிக்கு, அரைக்கால் சட்டையோடு, கார் நிறுத்துமிடத்தின் தரையில் குப்புறப் படுத்திருப்பார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் பதறிப்போய்ச் சோடா வாங்க ஓடுவார். பழைய வாட்ச்மேன் தாண்டிக்கொண்டு போவார். நாயைப் படமெடுக்க வேண்டுமென்றால் அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்பது பாலபாடம். பாடம் எழுதியவர்களுக்குப் புல்வெளி இருந்திருக்கும். இவருக்கு வாய்த்தது ஆயில் கறை.

வீட்டில் வளர்வது கறுப்பு லாப்ரடார். பந்தைத் துரத்தும், சொந்த வாலைத் துரத்தும், கூரியர் கொண்டுவந்தவரையும் துரத்தும். அந்த ஆட்டத்தை அப்படியே பிடித்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. காமிராவைத் தூக்கி, "புரூனோ, இங்கே பாரு!" என்பார். கூப்பிட்ட மரியாதைக்கு அது ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து லென்ஸை நக்கும். துடைத்துவிட்டு, "போ, போய் விளையாடு!" என்று அதட்டுவார். அதட்டினால் யாருக்கு விளையாட வரும்? அது உட்கார்ந்துவிடும்.

கணக்கில் மட்டும் ஆள் புலி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நாய் ஓடினால் நொடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே புரூனோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு புகைதான் விழும். "இது வால், இது காது" என்று விரல் வைத்துக் காட்டுவார். முதல் ஸ்கேன் படத்தைப் பார்க்கும் மாமனார்போல் விருந்தாளி பயபக்தியோடு தலையாட்டுவார்.

சரி, ஷட்டரை 1/1000க்கு ஏற்றலாம். அங்கே ட்யூப்லைட் குறுக்கே வரும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை சிமிட்டுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் வேகமான ஷட்டருக்கு நன்றாகத் தெரியும். ஒரு படம் பளிச்சென்று, அடுத்தது பழுப்பாக, அதற்கடுத்ததில் முன்னங்கால் வெளிச்சத்திலும் பின்னங்கால் இருட்டிலும்.

ஃபிளாஷ் போட்டுப் பார்த்தார். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. இரவில் அதற்குக் கண் நன்றாகத் தெரிவது அதனால்தான். படத்தில் கண் பச்சையாக எரிவதும் அதனால்தான். "இதை வாசல்ல மாட்டிடுங்க, திருஷ்டி பொம்மை வாங்கற செலவு மிச்சம்" என்றார் அவருடைய மனைவி.

கறுப்பு நாயென்பது தனிக் கஷ்டம். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே காமிரா நினைத்துக்கொள்ளும். சட்டம் முழுக்கப் புரூனோ நிறைந்தால் தோல் வெளிறிவிடும். எதிர்வீட்டு ராஜபாளையத்துக்கு நேர்மாறு: வெள்ளைத் தோல் மங்கிப்போகும். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கவலையே இல்லை. 2005ல் இந்தியத் தபால்தலையில் ஏறிய இனம் அது. "நாங்கல்லாம் ஸ்டாம்பிலேயே வந்துட்டோம் சார்" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

வெளிச்சம் தேடி மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே சின்டெக்ஸ் தொட்டி, டிஷ் ஆன்டெனா, கொடியில் புடவைகள், தரையில் வடாம். "நாயைப் பிடிச்சுக்கோங்கோ, நாலு படி அரிசி போட்டிருக்கேன்!" என்று மாமி குடையோடு காவலிருந்தார். மிஞ்சிய மூலையில் பச்சை நிறச் செயற்கைப் புல்விரிப்பைப் போட்டு, எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்புப் பந்தை உருட்டிவிட்டார். நாய்க்கண் நீலத்தையும் மஞ்சளையும்தான் நன்றாகப் பிரித்தறியும். சிவப்பும் பச்சையும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்று. எல்லாப் படத்திலும் புரூனோ மூக்கைத் தரையில் தேய்த்துப் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. பின்னணியிலிருந்த கொடிக்கயிற்றை ஒரு செயலி அழித்துக்கொடுத்தது, வாலையும் சேர்த்து.

எலியட்ஸ் கடற்கரையையும் விடவில்லை. 1930ல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது. மணலின் வெளிச்சத்தில் காமிரா மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட, நாயின் தலையிலிருந்து நினைவுச் சின்னம் முளைத்ததாகப் படம் வந்தது.

குருநாதர்கள் இல்லாமல் இல்லை. வில்லியம் வெக்மன் தன் வைமரானர் நாய்களை ஸ்டூடியோவில் உட்காரவைத்தே பேர் வாங்கினார். அந்த வித்தை புரூனோவிடம் பலிக்காது. மேக்னம் குழுவின் எலியட் எர்விட் வேறு ரகம்: நாயைத் துள்ளவைக்கத் தானே குரைப்பாராம். அதைப் படித்த மறுநாள் விடியற்காலையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கணீரென்று ஒரு குரைப்பு எழுந்தது. புரூனோ துள்ளவில்லை; நாலு பேர் பார்க்கிறார்களே என்று காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பதில் சொன்னவை தெருநாய்கள். முதலில் நம் தெரு, பிறகு பக்கத்துத் தெரு, பிறகு மார்க்கெட் வரைக்கும்.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் கூடிவந்தது. பக்கவாட்டில் வெயில், நான்கு காலும் அந்தரத்தில், காது பறக்க, கண் கூர்மையாகப் புரூனோ. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டார். பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சங்கச் செயலாளர் பின்னணியை வட்டமிட்டு அனுப்பினார்: விருந்தினர் இடத்தில் 'பி' பிளாக்காரரின் ஸ்கூட்டர். 'பி' பிளாக்காரர் மறுத்தார். படத்துக்குள்ளேயே தேதியும் நேரமும் பதிந்திருக்கும் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். ஒரிஜினல் ஃபைல் வேண்டும் என்றார்கள். மாலையில் அவசரக் கூட்டம். நோட்டீஸ் பலகையில் ஏ4 அளவில் பிரிண்ட். ஸ்கூட்டர் நடுவில் தெரிய வேண்டுமென்று புரூனோவைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள்.

"முழுப்படமா போட்டா என்ன சார்?" என்று இவர் கேட்டதற்குச் செயலாளர் சொன்னார்: "நாய்க்கு அடுத்த மாசம் தனியா ஒரு மீட்டிங் இருக்கு."