வேன் வைத்தியம்

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவருக்கு பிசியோதெரபிஸ்ட் எதற்கு? உறவினர் போதும். பிளந்த மார்பெலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும், கனம் தூக்காதீர்கள் என்கிறார் மருத்துவர். நம்மவர்கள் டம்ளரையே தூக்கவிடுவதில்லை. தினமும் நடக்கவேண்டுமாமே? தையல் பிரியும் என்று பெரியம்மா ரத்து செய்துவிட்டார். மூன்று பந்துக் கருவியில் மூச்சிழுப்பதும் வீண். வருகிறவர்களுக்கெல்லாம் ஆபரேஷன் கதையை முதலிலிருந்து சொன்னால் நுரையீரல் தானே விரியும். கேட்டவர், இதே ஆபரேஷனில் போய்ச் சேர்ந்த சித்தப்பாவைச் சொல்லித் தைரியமூட்டுவார்.

ஞாயிறன்று ஒரு வேன் நிறைய வந்தார்கள். வீட்டம்மா களைத்துப் படுத்துவிட்டார். நோயாளி எழுந்தார், சுவரைப் பிடிக்காமல் அடுக்களைக்கு நடந்தார், அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கம்மி என்றார் பெரியம்மா.